டயானா ராஸின் 'டயானா' (1980): எந்தப் பதிப்பை வாங்கலாம், எந்த மிக்ஸைப் போடலாம்

'ஐம் கமிங் அவுட்' பாட்டுக்காகத்தான் பெரும்பாலோர் அமெரிக்கப் பாடகி டயானா ராஸின் இந்த ஆல்பத்தைத் தேடி வருகிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடலாம்: அந்தப் பாட்டின் உயிர் அதன் முதல் நிமிடத்தில் இருக்கிறது. எந்தப் பதிப்பு அந்த நிமிடத்தை முழுசாகவும் சுத்தமாகவும் தருகிறதோ அதை வாங்குங்கள். 'ஹிட்ஸ்' தொகுப்பில் ஒரு பாட்டாக வாங்கினால் அந்த நிமிடம் குறைபட்டு வர வாய்ப்பு அதிகம். முழு ஆல்பமாக வாங்குவதென்றால் 2003இல் வந்த இரண்டு சிடி டீலக்ஸ் பதிப்புதான் முதல் தேர்வு. 1980இல் மோட்டவுன் இசை நிறுவனம் வெளியிட்ட மிக்ஸும் (பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலந்த வடிவம்), அதற்கு முன் ஆல்பத்தைத் தயாரித்த சிக் என்ற டிஸ்கோ இசைக்குழுக்காரர்கள் போட்டுக் கொடுத்து நிறுவனம் ஒதுக்கிவைத்த மிக்ஸும் ஒரே பெட்டிக்குள் கிடைப்பது அதில்தான்.

அந்த முதல் நிமிடத்தில் என்ன நடக்கிறது? சிக் குழுவின் நைல் ராட்ஜர்ஸ் வாசிக்கும் கிட்டார் தனியாகத் தொடங்குகிறது. தந்தியை அரைகுறையாக அழுத்தி, ஒலியை உடனே வெட்டி வெட்டி வாசிக்கும் அவருடைய பழக்கமான பாணி. அதன்மேல் பாட்டின் தலைப்பு வரி திரும்பத் திரும்ப வருகிறது. டிரம்ஸ் உள்ளே வந்தும் தாளத்தைப் பிடித்துக் கொடுப்பதில்லை. டோனி தாம்ப்சன் அடிக்கும் அடிகள் நாம் எதிர்பார்க்கிற இடத்தில் விழாமல் தள்ளி விழுகின்றன. கேட்பவருக்குக் கால் தட்ட ஆசை வந்துவிட்டது, எங்கே தட்டுவது என்று மட்டும் தெரியவில்லை. ஊது கருவிகள் ஒரு அரசவை அறிவிப்பு மாதிரி சேர்ந்துகொள்கின்றன. இதெல்லாம் போதுமான அளவு நம்மைக் காக்க வைத்த பிறகுதான் அதே குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசிக்கும் பேஸ் கிட்டாரும் நிலையான நடையும் இறங்குகின்றன. மேடையில் ஒருவர் நுழையப் போகிறார், திரை இன்னும் விலகவில்லை, கூட்டம் எழுந்து நிற்கிறது என்ற நிலையை இசையே உண்டாக்குகிறது. டயானா ராஸ் இன்றும் தன் கச்சேரிகளை இந்தப் பாட்டோடு தொடங்குவது இதனால்தான். 2022இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழா மேடைக்கும் இதைப் பாடிக்கொண்டே வந்தார். தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் கூடிக் கொண்டாடும் பிரைடு மேடைகளிலும், ஆண்கள் பெண் வேடமிட்டு நடத்தும் டிராக் நிகழ்ச்சிகளிலும் நுழைவுப் பாட்டாக இது நிலைத்ததற்குத் தலைப்பு வரி பாதிக் காரணம் என்றால், இந்த அமைப்பு மீதிப் பாதி.

தலைப்பு வந்த கதையை ராட்ஜர்ஸ் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். நியூயார்க்கில் திருநங்கைகளும் டிராக் கலைஞர்களும் கூடும் 'ஜிஜிஸ் பார்னம் ரூம்' என்ற நடனக் கூடத்தின் கழிப்பறையில், தன்னைச் சுற்றி டயானா ராஸ் வேடமிட்ட பலர் நிற்பதைப் பார்த்திருக்கிறார். வெளியே ஓடிப்போய்ப் பொதுத் தொலைபேசியில் எட்வர்ட்ஸை அழைத்து, இந்தத் தலைப்பை எழுதி வைக்கச் சொன்னார். தான் தன்பாலீர்ப்பு கொண்டவர் என்று ஒருவர் ஊரறியச் சொல்வதற்கு அந்தச் சமூகம் பயன்படுத்திய சொல்தான் அது. அதைத் தெரிந்தே, ராஸைக் கொண்டாடும் அந்த ரசிகர்களுக்காகவே எழுதினார்கள். ராஸுக்கு இது தெரியாது. மோட்டவுனை விட்டு வெளியேறி புது வாழ்க்கை தொடங்கப் போகும் பெண்ணின் அறிவிப்பாகவே அவர் அதை எடுத்துக்கொண்டார். பதிவை நியூயார்க் வானொலியின் பெரிய புள்ளி ஃபிராங்கி கிராக்கரிடம் போட்டுக் காட்டியபோது, உங்களைத் தன்பாலீர்ப்பாளர் என்று நினைத்துவிடுவார்கள் என்று அவர் சொல்ல, ராஸ் கலங்கிப்போய்த் திரும்பி வந்தார். அப்படியெல்லாம் அர்த்தமில்லை என்று ராட்ஜர்ஸ் சமாதானம் சொன்னார். ஒரு பாடகரிடம் தான் சொன்ன ஒரே பொய் அது என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1979 ஜூலை 12 அன்று சிகாகோ கொமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளை மொத்தமாகக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோவை வளர்த்தவர்கள் கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும் தன்பாலீர்ப்பாளர்களும் என்பதால், அந்த வெறுப்பு யாரை நோக்கியது என்பதில் சந்தேகமில்லை. 'லே ஃபிரீக்', 'குட் டைம்ஸ்' என்று உச்சத்தில் இருந்த சிக் குழுவின் மீது அந்தக் காற்று நேராக அடித்தது. அதற்கு அடுத்த வருஷம், அதே குழுவோடு, அந்தக் கூடங்களின் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு பெரிய நட்சத்திரம் பாடினார். 1980 மே மாதம் ஆல்பம் வந்தது. 'அப்சைடு டவுன்' அமெரிக்கப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. 'ஐம் கமிங் அவுட்' 5ஆம் இடம்வரை போனது. ஆல்பம் 2ஆம் இடம்.

இப்போது இரண்டு மிக்ஸ்களுக்கு வருவோம். நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் முடித்துக் கொடுத்ததில் ராஸுக்குத் திருப்தி இல்லை. இது தன் ஆல்பம் மாதிரி இல்லை, தன் குரல் வந்துபோகும் ஒரு சிக் ஆல்பம் மாதிரி இருக்கிறது என்பது கவலை. மோட்டவுன் பொறியாளர் ரஸ் டெரானாவுடன் அவர் உட்கார்ந்து முழு ஆல்பத்தையும் திரும்ப மிக்ஸ் செய்தார். குரலை மறுபடி பாடிப் பதிந்தார்கள், முன்னுக்குக் கொண்டுவந்தார்கள், நீண்ட வாத்தியப் பகுதிகளை வெட்டினார்கள், சில பாடல்களின் வேகத்தைக் கூட்டினார்கள். தயாரிப்பாளர்கள் இருவரையும் கேட்காமலே நடந்தது இது. உலகம் 23 வருஷம் கேட்டது இந்த வடிவத்தை மட்டும்தான்.

டீலக்ஸ் பதிப்பின் முதல் தட்டில் வெளிவந்த எட்டுப் பாடல்களும், பின்னாலேயே அதே எட்டின் சிக் மிக்ஸும் வரிசையாக இருக்கின்றன. ஒப்பிட்டுக் கேட்க இதைவிட வசதி கிடையாது. ஒப்பிடும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: இரண்டும் ஒரே ஒலி அளவில் இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒன்றிரண்டு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைத்தான் நல்லது என்று தீர்ப்புச் சொல்லிவிடும். கணினியில் கேட்டால் இரண்டின் சராசரி ஒலி அளவையும் அளந்து, அதிகமானதைக் குறையுங்கள். குறைவானதைக் கூட்டினால் உச்சங்கள் நசுங்கும். மீட்டர் இல்லாவிட்டால் ஸ்னேர் (சிறு டிரம்) அடியை மட்டும் கவனித்து, அது இரண்டிலும் ஒரே பலத்தில் கேட்கும்வரை வால்யூமைச் சரிசெய்தாலும் போதும்.

சிக் மிக்ஸில் முதலில் தெரிவது இடம். வாத்தியங்களுக்கு இடையே காற்று இருக்கிறது. எட்வர்ட்ஸின் விரல் தந்தியைத் தொடுகிற ஒலி, கிட்டாரின் வெட்டு, தந்தி வாத்தியங்கள் தூரத்தில் எழுந்து அடங்குவது எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். ராஸின் குரல் அவற்றுக்கு மத்தியில் ஒரு ஆளாக நிற்கிறது. பேஸ் வாசிக்கப் பழகுபவர்கள் இந்த வடிவத்தைத்தான் கேட்க வேண்டும். 'அப்சைடு டவுன்' பாட்டில் எட்வர்ட்ஸ் எந்த இடத்தில் வாசிக்காமல் விடுகிறார் என்பதை மோட்டவுன் மிக்ஸில் பிடிக்கச் சிரமம். இங்கே பளிச்சென்று தெரியும்.

ஆனாலும் 'ஐம் கமிங் அவுட்' ஒன்றுக்கு மட்டும் மோட்டவுன் மிக்ஸே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. சிக் ரசிகர்கள் பலர் இதை ஏற்க மாட்டார்கள். சிக் மிக்ஸில் இந்தப் பாட்டு இன்னும் நீளம், குழுவின் வாசிப்பு இன்னும் தாராளம், ஒரு நடனக் கூடத்தின் நள்ளிரவுக்கு அது பொருத்தம். ஆனால் தன்னை வெளிப்படுத்திக்கொள்வதைப் பற்றிய பாட்டில் பாடுபவர் பின்வரிசையில் நிற்கக் கூடாது. டெரானா குரலை முன்னால் இழுத்தபோது அவர் மனதில் இருந்தது வானொலியும் விற்பனையும்தான். பலன் வேறாக அமைந்தது. ஒரு ஆள் நம் முகத்துக்கு நேரே வந்து, சிரித்துக்கொண்டு, அச்சமில்லாமல் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. மறுபடி பாடிய குரலில் இருக்கும் அந்த லேசான, விளையாட்டான தொனியும் சேர்ந்துகொண்டது. அந்தத் தொனி இல்லாவிட்டால் இது ஒரு பிரகடனமாக மட்டும் இருந்திருக்கும். இப்போது கொண்டாட்டமாகவும் இருக்கிறது. வெளியே சொல்லப் பயந்து கிடந்த ஒருவருக்கு அந்தச் சிரிப்புதான் தேவைப்பட்டது.

பாட்டின் பிற்பகுதியில் டிராம்போன் தனியாவர்த்தனம் ஒன்று வரும். நடனப் பாட்டில் டிராம்போனுக்குத் தனி இடம் கிடைப்பது அபூர்வம். வாசித்தவர் மீகோ மொனார்டோ. 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் இசையை டிஸ்கோவாக்கி 1977இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த அதே மீகோ. கொஞ்சம் குடித்த மாதிரி தள்ளாடி, ஆனால் சுருதி பிசகாமல் போகும் அந்த வாசிப்பைக் குறுகிய வடிவங்கள் பலவற்றில் காண முடியாது.

மற்ற பாடல்கள். 'அப்சைடு டவுன்' இரண்டு மிக்ஸிலும் அற்புதம். சிக் மிக்ஸுக்கு ஒரு மார்க் கூட. 'மை ஓல்ட் பியானோ' பிரிட்டனில் பெரிய ஹிட். பியானோவைக் காதலனாக்கிப் பாடும் குறும்பு, நடுவே வரும் பியானோ ஓட்டம், இரண்டும் இன்றும் புதுசாக இருக்கின்றன. 'ஹேவ் ஃபன் (அகெய்ன்)' நீளமானது, சிக் மிக்ஸில் நன்றாக விரிகிறது. 'டெண்டர்னஸ்' பரவாயில்லை. மெதுவான பாடல்களான 'ஃபிரெண்ட் டு ஃபிரெண்ட்', 'நவ் தட் யூ ஆர் கான்' இரண்டில் பின்னது தேறும். 'கிவ் அப்' இல்லாவிட்டாலும் ஆல்பத்துக்கு நஷ்டமில்லை.

அட்டையைப் பற்றி ஒரு வரி. ஈரத் தலையும் வெள்ளை டி-ஷர்ட்டும் கிழிந்த ஜீன்ஸுமாக ராஸ் நிற்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தவர் பிரான்செஸ்கோ ஸ்கவுல்லோ. ஜீன்ஸ் மாடல் ஜியா கராஞ்சியினுடையது. ஜியா பெண்களை நேசித்தவர், எய்ட்ஸ் நோயால் 1986இல் 26 வயதில் இறந்தவர். பளபளப்பான கவுன்களுக்குப் பேர்போன ராஸ் அதையெல்லாம் களைந்துவிட்டு இப்படி நின்றதே பாட்டின் தலைப்புக்கு ஒரு துணை. சிடியின் சின்ன அட்டையில் இது பாதிதான் தெரியும். இசைத்தட்டின் 12 அங்குலத்தில் பார்க்க வேண்டிய படம்.

இசைத்தட்டு வாங்க நினைப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். 1980 அமெரிக்கப் பதிப்பின் எண் எம்8-936எம்1. நிறைய விற்ற ஆல்பம் என்பதால் பழைய தட்டுக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது, அரிய பொருளாக நினைத்து அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில். 'ஐம் கமிங் அவுட்' முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே கணக்கில் சுழன்றாலும், வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. தடம் ஓடுகிறது, லேபிளை நெருங்க நெருங்க அது பாதிக்கும் கீழே போய்விடும். அதே அளவு ஒலியைக் குறைந்த நீளத்துக்குள் நெருக்கி வெட்டியிருப்பதால் வளைவுகள் கூர்மையாகின்றன. சாதாரண உருண்டை முனை ஊசியால் அவற்றைப் பின்தொடர முடியாது. முதலில் கெடுவது குரலில் வரும் 'ஸ' ஒலி, அடுத்து ஹை-ஹேட் (டிரம்ஸோடு சேர்ந்த இரட்டை உலோகத் தட்டு), அடுத்து ஊது கருவிகள். கரகரப்பாக, எச்சில் தெறிப்பது போலக் கேட்கும்.

நல்லவேளையாக இந்தப் பக்கம் 17 நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால் தடம் லேபிளை ஒட்டிவரை போவதில்லை. 22, 23 நிமிடம் திணித்த தட்டுகளைவிட நிலைமை மேல். ஆனாலும் ஊசி முக்கியம். குறைந்தபட்சம் நீள்வட்ட முனை வேண்டும். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ மாதிரியான ஒன்று போதும். ஊசி தட்டை அழுத்தும் எடை 2 கிராம், 1.8க்குக் கீழே போகக் கூடாது. எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறான நம்பிக்கை. எடை போதாதபோது ஊசி தடத்துக்குள் துள்ளி, சுவரில் இடித்து, நிரந்தரமாகச் சேதம் செய்கிறது. அதே வரிசையில் மைக்ரோலைன் முனை போட்டால் கடைசிப் பாட்டின் 'ஸ' பெரும்பாலும் அடங்கிவிடும். ஊசியை மாற்றியும் கரகரப்பு இருந்தால் கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கும் பாகம்) கோணத்தை அளவு அட்டை வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தாலே உள்வட்டத்தில் தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் போகவில்லையென்றால் முந்தைய சொந்தக்காரர் தேய்ந்த ஊசியால் அந்தப் பாட்டைத் தேய்த்துவிட்டார் என்று அர்த்தம். இந்த ஆல்பத்தில் அதுதான் அடிக்கடி நடந்திருக்கிறது. எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டது அந்தப் பாட்டைத்தானே. அதனால் கடையில் வாங்கும்போது முதல் பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லாதீர்கள், முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். அதுவும் ஊது கருவிகள் சேரும் இடம். அங்கே சுத்தமாக இருந்தால் மற்றதெல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கழுவிவிடுங்கள். காய்ச்சி வடித்த நீர் மூன்று பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, நுரை அதிகம் வராத வாசனையற்ற சோப்புக் கரைசல் ஒரு சொட்டு. தடத்தின் திசையிலேயே மென்துணியால் துடைத்து, கடைசியில் வெறும் வடித்த நீரால் அலச வேண்டும். சோப்பு தங்கினால் அதுவே ஊசியில் சேர்ந்து சத்தம் போடும். லேபிளை நனைக்காதீர்கள். பழைய 78 சுற்றுத் தட்டுகளுக்கு இந்தக் கலவை ஆகவே ஆகாது. ஆல்கஹால் அவற்றின் அரக்கைக் கரைத்துவிடும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. ஒரே பாட்டுக்கு ஒரு டஜன் பதிவுகள் வந்து நிற்கும். கால அளவைப் பாருங்கள். ஆல்பத்தின் மோட்டவுன் வடிவம் 5 நிமிடத்தைத் தாண்டும். 4 நிமிடத்தை ஒட்டி இருந்தால் அது வானொலிக்குச் சுருக்கியது; டிராம்போனோ தொடக்கமோ இரண்டுமோ கை வைக்கப்பட்டிருக்கும். தலைப்புக்குப் பக்கத்தில் 'ஒரிஜினல் சிக் மிக்ஸ்' என்றிருந்தால் அது ஒதுக்கப்பட்ட மிக்ஸ். வெறும் 'ரீமாஸ்டர்' என்ற சொல் எந்த மிக்ஸ் என்று சொல்லாது. கச்சேரிப் பதிவுகளும் மற்றவர்கள் பாடியவையும் இதே தலைப்பில் வரும். ஆல்பத்தின் பெயரையும் வருஷத்தையும் பார்த்துவிட்டுச் சேமியுங்கள். செயலியில் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் ஒப்பிட்டுக் கேட்கும்போது அதை இயக்கி வைக்கலாம். ஆல்பத்தை முதலிலிருந்து கேட்கும்போது அணைத்துவிடுங்கள். மெதுவான பாட்டுக்கும் வேகமான பாட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய ஏற்ற இறக்கம் சில செயலிகளில் தட்டையாகிவிடும்.

கையடக்க புளூடூத் ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தைத் தீர்ப்பிடாதீர்கள். பேஸ் கிட்டாரின் மிகக் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த மாதிரி ஸ்பீக்கர்கள் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. பேஸின் மேல் ஒத்திசைகள் கேட்பதால் ராகம் புரியும், உடம்பில் படுவது மட்டும் காணாமல் போகும். ஈக்வலைசரில் பேஸை ஏற்றினால் சின்ன கூம்பு திணறி, குரலும் சேர்ந்து கலங்கும். சாதாரண ஹெட்போன் இதைவிடப் பல மடங்கு மேல்.

விருந்திலோ பிரைடு நிகழ்ச்சியிலோ போடப் போகிறவர்கள் தயாரித்துக்கொள்ள வேண்டியவை சில. இது கிளிக் (இயந்திரத் தாள ஒலி) வைத்து வெட்டி ஒட்டிய இசை அல்ல, மனிதர் வாசித்த டிரம்ஸ். வேகம் சுமார் 108 பிபிஎம் (நிமிடத்துக்கு 108 அடி), ஆனால் பாட்டுக்குள்ளேயே லேசாக ஏறி இறங்கும். ரெக்கார்ட்பாக்ஸ் போன்ற டிஜே மென்பொருள்கள் சராசரி எடுத்து நேர்கோட்டில் தாளக் கட்டம் (அடி விழும் இடங்களைக் காட்டும் கோடுகள்) போட்டுவிடும். மூன்றாவது நிமிடத்தில் கட்டமும் அடியும் பிரிந்து நிற்கும். அலசல் முறையை 'டைனமிக்' என்று மாற்றி மறுபடி அலச விடுங்கள். இன்னொன்று, அந்தத் தொடக்கம். நிலையான கிக் (பெரிய டிரம்மின் அடி) இல்லாமல் தள்ளித் தள்ளி விழும் அடிகளைப் பார்த்து மென்பொருள் முதல் அடி எது என்று ஏமாந்துபோகும். கட்டத்தைத் தொடக்கத்திலிருந்து பிடிக்காதீர்கள். பேஸ் இறங்கும் முதல் 'ஒன்று' (தாளச் சுற்றின் முதல் அடி) எங்கே என்று காதால் கண்டுபிடித்து, அங்கே குறி வைத்து, அதிலிருந்து பின்னோக்கிக் கட்டத்தை நீட்டுங்கள்.

கட்டம் சரியானாலும் தொடக்கத்தின்மேல் வேறு பாட்டை ஓட்டிக் கலக்க வேண்டாம். முந்தைய பாட்டின் கிக் அதன்மேல் ஓடினால், காத்திருக்க வைக்கும் அந்த வித்தை முழுசும் வீண். முந்தைய பாட்டை எக்கோவில் விட்டு முடித்து, ஒரு நொடி அமைதி கொடுத்து, கிட்டாரைத் தனியாகத் தொடங்க விடுங்கள். கூட்டம் இரண்டு நொடியில் அடையாளம் கண்டுகொள்ளும். வெளியேறும் வழி சுலபம், கடைசி ஒரு நிமிடத்தில் நடை ஒரே சீராக இருக்கிறது, எட்டு அடி எட்டு அடியாக அடுத்ததை ஏற்றலாம்.

அடுத்தது எது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 108இல் ஆடிக்கொண்டிருக்கும் கூட்டத்தை சில்வெஸ்டரின் 'யூ மேக் மீ ஃபீல் (மைட்டி ரியல்)' பாட்டுக்கு ஒரே தாவலில் கொண்டுபோக முடியாது. அது சுமார் 131. இடைவெளி 21 விழுக்காடு; டெக்னிக்ஸ் டர்ன்டேபிளின் வேக நெம்புகோலோ கூட்டவும் குறைக்கவும் 8 விழுக்காடுதான் தரும். படி வைத்து ஏறுங்கள். 'அப்சைடு டவுன்' ஏறக்குறைய இதே வேகம், எனவே முன்னால் அது. பின்னால் சிக்கின் 'குட் டைம்ஸ்' சுமார் 111. அதன்பின் சிஸ்டர் ஸ்லெட்ஜின் 'வீ ஆர் ஃபேமிலி' 117, பிறகு 'லே ஃபிரீக்' 120. இதுவரை எல்லாமே ராட்ஜர்ஸ்–எட்வர்ட்ஸ் தயாரிப்பு என்பதால் ஒலியும் ஒத்துப்போகும். அங்கிருந்து டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்' 128 அளவில் இருக்கிறது. 'லே ஃபிரீக்'கை 3 விழுக்காடு கூட்டி, இதை 3 விழுக்காடு குறைத்தால் 124 அருகே சந்திக்கும். கேட்பவருக்குத் தெரியாத அளவு அது. 6 விழுக்காடு போனால் சுருதி ஏறக்குறைய அரைச் சுரம் மாறிவிடும், குரல் சிறுபிள்ளைக் குரலாகும். 'ஐ ஃபீல் லவ்' சீக்குவென்சர் என்ற கருவி ஓட்டும் பாட்டு, தாளம் நகராது. அதற்குள்ளேயே மெல்ல மெல்ல வேகத்தை ஏற்றி சில்வெஸ்டரிடம் ஒப்படைத்துவிடலாம். இந்த வரிசையில் தன் வாழ்க்கையைத் தானே பாடியவர் சில்வெஸ்டர் ஒருவர்தான். தன்பாலீர்ப்பை என்றுமே மறைக்காதவர், 1988இல் எய்ட்ஸ் நோயால் இறந்தபோது தன் பாடல் வருமானத்தை சான்ஃபிரான்சிஸ்கோவின் எய்ட்ஸ் உதவி அமைப்புகளுக்கு எழுதி வைத்தவர். உச்சத்தை அவருக்கு ஒதுக்குவது நியாயம்.

இவ்வளவு கட்டம் பிடிக்க நேரமில்லை, சீரான கிக் வேண்டும் என்பவர்களுக்கு 2020இல் வந்த 'சூப்பர்டோனிக்' இருக்கிறது. எரிக் குப்பர் ராஸின் பாடல்களை ஹவுஸ் நடையில் ரீமிக்ஸ் செய்த தொகுப்பு. நாலடிக் கிக் நேராகப் போகும், கலக்கச் சுலபம், இன்றைய ஸ்பீக்கர்களுக்கு ஏற்ற கீழ் ஒலி. குரலை மரியாதையாக நடத்தியிருக்கிறார். ஆனால் தாம்ப்சனின் டிரம்ஸ் அந்தக் குரலைச் சீண்டிச் சீண்டி விளையாடுவதற்கு அங்கே இடமில்லை. நள்ளிரவு தாண்டிய பிறகு பயன்படும். மாலையைத் தொடங்கி வைக்க அது போதாது.

டீலக்ஸ் பதிப்பின் இரண்டாவது தட்டு போனஸ். ராஸின் மோட்டவுன் கால நடனப் பாடல்கள், அன்று வெளிவராமல் கிடந்த சிலவும் சேர்த்து. சமமாக இல்லை. ஒரே மூச்சில் கேட்டால் நடுவில் அலுப்புத் தட்டும். ஆனால் ஆஷ்ஃபோர்டு–சிம்ப்சன் தம்பதி 1979இல் எழுதித் தயாரித்த 'தி பாஸ்' நீண்ட வடிவத்தில் கிடைக்கிறது, அதற்காகவே தட்டைத் திறக்கலாம். அதில் ராஸ் தொண்டையைத் திறந்து மேலே போகும் இடங்கள் 'டயானா' ஆல்பத்தில் எங்கும் கிடையாது. அங்கே அடங்கிப் பாடி வெல்கிறார், இங்கே அடக்கமே இல்லை. 1976இன் 'லவ் ஹாங்கோவர்' பாட்டையும் தேடிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் தொடங்கி நடுவில் திடீரென்று வேகம் பிடிக்கும் பாட்டு. பதிவின்போது ராஸுக்கு நடனக் கூட உணர்வு வரவேண்டும் என்று ஸ்டூடியோவில் மின்னி மறையும் ஸ்ட்ரோப் விளக்கு மாட்டினார்கள். மாட்டியவர் டெரானா. சிக் மிக்ஸைக் கெடுத்த வானொலி ஆள் என்று அவரைத் திட்டுபவர்கள் 'லவ் ஹாங்கோவர்' பாட்டையும் 'ஐம் கமிங் அவுட்' மோட்டவுன் மிக்ஸையும் அடுத்தடுத்துக் கேட்கட்டும். நடனக் கூடம் என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.